நெற்றிக் காசு

வந்து உட்கார்ந்து இவ்வளவு நேரமாகியும் அருணகிரி தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போன சிநேகிதனை வழியனுப்ப வந்த மனுஷன் பார்க்கிற இடமா அது? தெருவை அடைத்துப் போட்ட சாமியானா, அதற்குக் கீழே ஐஸ் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் முதல் நாற்காலி. அந்த நாற்காலியைத் துப்பட்டாவால் துடைத்து, உட்காருங்க மாமா என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் போனவள் தமயந்தி, தெய்வசிகாமணியின் ஒரே மகள். அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்துபோனவள் இவருக்கு நாற்காலி துடைக்கிறாள். இவரோ கண்ணாடி மூடிக்குள்ளே சந்தனத்தில் பதிந்து கிடக்கிற காசிலேயே கண்ணாக இருக்கிறார். எல்லார் வீட்டிலும் அந்த இடத்தில் ஒரு ரூபாய் வைப்பார்கள். இது ரூபாய் இல்லை என்று மாலையோடு பெட்டியை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது. ரூபாய் தட்டையாக, வட்டம் பிசகாமல் இருக்கும். இது கோணல், ஒரு ஓரம் தடித்து, இன்னொரு ஓரம் மெலிந்து, ஆள் கையால் சுத்தியல் போட்டு அடித்த வெள்ளி. பழைய வெள்ளிக்கே உள்ள அந்தக் கருஞ்சாம்பல். அதில் கொண்டை போட்ட பெண் தலை ஒன்று, வலது பக்கம் பார்த்தபடி. வீனஸ். ரோமர்களின் காதல் தெய்வம். ரோமாபுரிக் காசு, சீசர் காலத்து வெள்ளி. கரூரில் இதை வைத்திருந்தவர் ஒரே ஒரு ஆள், அந்த ஆள்தான் இப்போது காசுக்கு அடியில் படுத்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இருந்த சென்னியப்பன், இறந்தவருக்குச் சித்தப்பா முறை, அதனால் தெருவுக்கே சித்தப்பா, கேட்காமலே கதையைச் சொன்னார். காலையில் நெற்றிக்கு வைக்க ஒரு ரூபாய் தேடினால் வீட்டில் ஒரு சல்லி கிடைக்கவில்லையாம். பால்காரனுக்கும் போனில்தான், காய்காரம்மாவுக்கும் போனில்தான், சில்லறை எங்கே இருக்கும்? கடைசியில் தமயந்தி உள்ளே போய் பீரோவிலிருந்து அப்பனுடைய பழைய காசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டதாம். ஆயுசு பூராக் காசு சேர்த்தவன் வீட்டில் காசு இல்லாமப் போச்சு பாரு என்று சித்தப்பா உச்சுக் கொட்டினார். அருணகிரி தலையை ஆட்டினார்.

ஒன்றும் தெரியாத பெண், பாவம், கையில் அகப்பட்டதை எடுத்து வைத்துவிட்டது என்று முதலில் நினைத்தார். அப்புறம் ஒருவேளை அது இல்லையோ என்று வந்தது. தெய்வசிகாமணியிடம் வீனஸ் தலை போட்டது வேறு உண்டா? இல்லை. ஆனாலும் உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். அந்தக் காசில் கழுத்துக்குக் கீழே பிறை வடிவில் ஒரு சின்னக் குத்து இருக்கும். அந்தக் காலத்து வட்டிக்கடைக்காரன் எவனோ வெள்ளி அசல்தானா என்று உளி வைத்துப் பார்த்தது. அது இருந்தால் அதேதான். உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியவில்லை, ரோஜா மாலையின் இதழ் ஒன்று வேறு மறைத்தது. எழுந்தார். எழுந்தது எதற்கு என்று அவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது, அதுதான் வசதி. பெட்டியின் மேல் குனிந்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கைக்குட்டையை எடுத்து மெதுவாகத் துடைத்தார், மறுபடி மங்கியது, மறுபடி துடைத்தார், இன்னும் குனிந்தார், மூக்கு கண்ணாடியில் இடித்தது. ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்ட கடைக்காரர் இவர், ஒரு கண்ணாடியை இப்படித் துடைத்துப் பார்த்ததே இல்லை. இதழ் கொஞ்சம் விலகித் தெரிந்தது. குத்து இருந்தது. அந்த நேரத்தில் நெஞ்சுக்குள்ளே ஒன்று குதித்ததே, அதைத்தான் இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. சந்தோஷம்தான், வேறு பேர் வைக்க வழியில்லை. பின்னால் பெண்கள் கூட்டத்தில் ஓவென்று ஒரு அழுகை கிளம்பியது. எதற்கு என்று திரும்பிப் பார்த்தால், இவரைப் பார்த்துத்தான். சிநேகிதன் முகத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். தெய்வசிகாமணியின் மனைவி பாவாயம்மாள், காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பொம்பளை, அண்ணா, உங்க சேக்காளியப் பாத்தீங்களாண்ணா என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தமயந்தி வந்து தோளைத் தாங்கி நாற்காலிக்குக் கூட்டிவந்தாள். தண்ணி குடிக்கிறீங்களா மாமா என்றாள். குடித்தார். தொண்டை உண்மையிலேயே காய்ந்துதான் இருந்தது.

இந்த முகம் இருக்கிறதே, அருணகிரியின் முகம், அது எப்போதும் உள்ளே இருப்பதைக் காட்டாது. பழைய காசு வாங்கிச் சேர்க்கிறவனுக்கு அந்த முகம்தான் மூலதனம். கடைவீதியில் பழைய வெள்ளி எடுக்கிற கடையில் ஒரு தகர டப்பா இருக்கும், அமராவதி மணலைச் சலிக்கிறவர்கள் கொண்டுவந்து போட்டதெல்லாம் அதில் கிடக்கும். தேய்ந்த மோதிரம், உடைந்த கொலுசு, நடுவில் எப்போதாவது நல்ல காசு ஒன்று. நல்ல காசைக் கண்டுவிட்டால் அதைத் தொடக் கூடாது. பக்கத்தில் கிடக்கிற குப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், சலித்துக்கொள்ள வேண்டும், இப்பெல்லாம் ஒண்ணும் சரியா வர்றதில்ல என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து, சரி, வந்ததுக்கு இதையாவது கொடு என்று போகிற போக்கில் கேட்டால் கடைக்காரன் வந்த விலைக்குத் தள்ளிவிடுவான். அருணகிரி இதில் கைதேர்ந்தவர். அன்றைக்கும் அப்படித்தான், டப்பாவுக்குள்ளே வீனஸைக் கண்டார், தொடவில்லை, கொட்டாவி கூட விட்டார், டீக்குப் போனார். கூட வந்த தெய்வசிகாமணி, எனக்கு டீ வேண்டாம் அருணகிரி, நீ போய்ட்டு வா என்றார். திரும்பி வந்தபோது அந்த ஆள் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். இது எனக்குப் பிடிச்சிருக்குங்க, என்ன விலை வேணும்னு கேட்டேன், சொன்னாரு, குடுத்துட்டேன் என்றார். அவ்வளவுதான். ஒரு டீயில் போயிற்று. சண்டை போடவும் முடியாது, ஏனென்றால் இவருக்கு அது வேண்டுமென்று அவருக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு அருமையாகக் கொட்டாவி விட்டிருக்கிறார். பரவால்ல, சுமாரான காசுதான் என்று அருணகிரி சொன்னார். அந்த வார்த்தையை இன்றுவரை திரும்ப வாங்கவில்லை. எப்படி வாங்குவது? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் மேஜையில் பச்சைத் துணி விரித்துக் காசுகளைப் பரப்பிவைத்து உட்காருவார்கள். அப்போதெல்லாம் அதைக் கடைசியாக, வேண்டாவெறுப்பாக எடுத்துப் பார்ப்பார். அதுக்குப் பதிலா என் இரட்டைத்தலைக் காசை வெச்சுக்கயேன், உனக்கு இதுல என்ன இருக்கு என்று ஒருமுறை போகிற போக்கில் போட்டுப் பார்த்தார். தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே, இது மட்டும் வேண்டாம்ப்பா என்றார். அன்று ராத்திரி அருணகிரி வீட்டுக்கு வந்து மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.

எரிச்சல் என்னவென்றால் அந்த ஆளுக்குக் காசைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. எடை தெரியாது, எழுத்துப் படிக்கத் தெரியாது, எந்த ஊர் அக்கசாலையில் அடித்தது என்று தெரியாது. பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்காரர். கதைதான் வேண்டும் அவருக்கு. ஒவ்வொரு காசையும் திருப்பி, இது யாரு, இவன் எதுக்குச் சிங்கத்தோலப் போத்தியிருக்கான், இவ தலையில எதுக்குப் பாம்பு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்டதோடு விட்டாரா? கொரிந்து நகரத்துக் காசில் இருந்த சிறகு முளைத்த குதிரையைப் பார்த்துவிட்டு, பெயிண்டரைக் கூப்பிட்டு ஒரு தனியார் பஸ்ஸின் பின்பக்கம் அதை எழுதவைத்தார். கொஞ்ச நாளில் ஈரோடு ரூட்டில் பாதிப் பஸ்களில் குதிரை பறந்தது. அருணகிரி கேலி செய்தார், உள்ளே வயிறு எரிந்தது. இத்தனை புத்தகம் படித்த இவருக்கு அந்தக் குதிரையைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. வீனஸ் காசின் பின்பக்கம் என்ன என்று கேட்டதற்கும் இவர்தான் விளக்கம் சொன்னார். ட்ராய் பட்டணம் தீப்பிடித்து எரிகிறது, வீனஸின் மகன் ஈனியாஸ் வயசான தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறுகிறான், தான் அவன் வம்சம் என்று சீசர் சொல்லிக்கொண்டார், அதனால் காசில் போட்டார். அதைக் கேட்ட பிறகு அந்த ஆள் காசைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. அன்றிலிருந்து அதற்குப் பேர் அய்யனைத் தூக்கற காசு, அப்பனை அய்யன் என்கிற வீடு அது. போன மாதம் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது பார்க்கப் போனதை இப்போது நினைக்காமல் இருந்தால் நல்லது. நினைப்பு கேட்கிறதா? கட்டிலில் உட்கார்ந்தபடி அந்தக் காசை எடுத்துக் கொடுத்தார் தெய்வசிகாமணி, கை நடுங்கியது. கையைப் பிடித்திருக்க வேண்டும். அருணகிரி காசைப் பிடித்தார், கீழே விழுந்துவிடக் கூடாதே என்று. இன்னொரு கையையும் அடியில் கொண்டுபோய்ப் பிடித்தார். அந்த ஆள் அதையும் பாசம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

சொல்லிவிட்டால் என்ன? தமயந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மணி, நெத்தில இருக்கறது சாதாரணக் காசு இல்ல என்று சொல்லலாம். சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? அப்பா பிணமாகக் கிடக்கும்போது இந்த ஆள் கண் எங்கே இருந்திருக்கிறது பார் என்று நினைப்பாள். நினைக்கட்டுமே, இரண்டாயிரம் வருஷத்துக் காசு நெருப்பில் உருகுவதைவிட அது மேல் இல்லையா? நான் எனக்காகவா கேட்கிறேன்? சரித்திரத்துக்காக. இந்த இடத்தில் அருணகிரிக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, துக்க வீடு என்று அடக்கிக்கொண்டார். சரித்திரம் இவரை வக்காலத்துக்கு வரச்சொல்லிக் கேட்டதா? சரி, எனக்காகத்தான் என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் உருகிப்போவதில் யாருக்கு லாபம்? பாவாயம்மாளிடம் சொல்லலாம். அந்த அம்மாள் இருக்கிற இருப்பில் காசைப் பற்றிப் பேசினால் மனுஷனா நீ என்று சித்தப்பாவே செவிட்டில் விடுவார். எப்படிச் சுற்றி வந்தாலும் ஒரு வாக்கியம் வாயிலிருந்து வெளியே வர வேண்டியிருந்தது, அந்த வாக்கியம் எனக்கு அது வேணும் என்பதில் போய்த்தான் முடிந்தது. அதைச் சொல்ல முடியாமல்தானே அன்றைக்கு டீ குடிக்கப் போனார். எழுந்து தெருமுனைப் பெட்டிக்கடைக்கு நடந்தார். ஒரு ரூபா காசு இருக்குமா என்று கேட்டார். கடைக்காரர் எதுக்குங்க என்றார். இங்க, நெத்திக்கு வெக்க என்று சாமியானாப் பக்கம் கையைக் காட்டினார். கடைக்காரர் கல்லாவைத் துழாவி, அடியில் கிடந்த ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷனுங்க, நம்ம கடைக்கு வந்தா கூட வந்தவங்களுக்கு டீ வாங்கிக் குடுக்காமப் போகமாட்டாரு என்று சொல்லி, பதிலுக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். சட்டைப் பையில் அந்த ரூபாயைப் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கையில், இன்னும் ஒன்றும் செய்யவில்லையே, பையில் ஒரு ரூபாய் வைத்திருப்பது குற்றமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

குளிப்பாட்டுவதற்குப் பெட்டியிலிருந்து இறக்கினார்கள். வாசலில் பெஞ்சு போட்டு, நான்கு பக்கமும் வேட்டியைப் பிடித்து மறைத்தார்கள், மறைப்புக்குள்ளே சித்தப்பாவும் இன்னும் சில ஆண்களும். நீயும் வாப்பா, நீ இல்லாம யாரு என்று சித்தப்பா இவரையும் இழுத்துக்கொண்டார். போகாமல் இருந்திருக்கலாம், முதுகு வலி என்று சொல்லியிருக்கலாம். கால்கள் தாமாகவே போயின என்று சொல்வார்களே, பொய், கால்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சித்தப்பா மாலையைக் கழற்றினார், நெற்றிச் சந்தனத்தை நகத்தால் பெயர்த்தார், காசு கையோடு வந்தது. இந்தா, பிடி, மறுபடி வெக்கணும் என்று அருணகிரியின் கையில் வைத்தார். இத்தனை பேரில் இவர் கையில். குளிர்ந்திருந்தது, பெட்டியின் குளிர்ச்சி. விரல் தன்பாட்டுக்கு அதைப் புரட்டிப் பார்த்தது. மகன் நடக்கிறான், தோளில் கிழவன், தேய்மானமே இல்லை, கிழவனின் கை மகன் கழுத்தைச் சுற்றியிருப்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்கள், காலில் தெறித்தது. மஞ்சள் வாசனை, சீயக்காய் வாசனை, யாரோ மெல்ல விம்முகிற சத்தம். கண்ணாடி போடாத தெய்வசிகாமணி வேறு யாரோ மாதிரி இருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டை பதிந்த தடம் இருந்தது, அந்தக் கட்டை இவர் கடையில் இவர் கையால் மாட்டியது, கொஞ்சம் இறுக்கிட்டேன் போல என்று ஒரு நினைப்பு ஓடியது. துவட்டி, வேட்டி கட்டி, திருநீறு பூசி, புதுச் சந்தனம் வைத்தார்கள். சித்தப்பா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார், காசு. அருணகிரி கொடுத்தார். கொடுத்தது பெட்டிக்கடை ரூபாய். சித்தப்பாவுக்கு வெள்ளெழுத்து, கண்ணாடியும் போடவில்லை, வட்டமாக எதையாவது வைத்தால் போதும் அவருக்கு. சந்தனத்துக்குள்ளே பாதி புதைய, கட்டை விரலால் அழுத்தி வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வானம் இடிந்து விழவில்லை. சட்டைப் பையில் அந்த இன்னொன்று எடையே இல்லாமல் இருந்தது, இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, தொட்டார், துக்கத்தில் நெஞ்சைப் பிடிப்பதுபோல் இருந்திருக்கும்.

பெண்கள் சுற்றிவந்து அழுதார்கள், பாவாயம்மாளைப் பிடித்துக்கொண்டார்கள், வண்டியில் ஏற்றுவதற்குத் தூக்கினார்கள். தமயந்தி தானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று வந்தாள். பொம்பளப்புள்ள தூக்கக் கூடாது சாமி என்று சித்தப்பா தடுத்தார். அவள் அப்படியே நின்றாள். அப்புறம் வண்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற அருணகிரியிடம் வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லியிருக்காருங்க மாமா, இப்பச் சொல்லலீன்னா எனக்கு மறந்துபோயிரும் என்றாள். பீரோவில் இருக்கிற காசெல்லாம் மாமனுக்குத்தான், உனக்கோ அம்மாவுக்கோ அதன் அருமை தெரியாது, அவன் பார்த்துக்குவான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னாராம். அம்மாவுக்கும் சம்மதமாம். காரியம் முடிந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அவள் இன்னும் கையை விடவில்லை.

"அந்த அய்யனைத் தூக்கற காசு மட்டும் அப்பாவுக்கே வெச்சுட்டனுங்க மாமா. சின்னதுல இருந்து எங்கிட்டக் காட்டிக் காட்டி, எனக்குப் பையன் இல்ல, நீதான் என்னையத் தூக்கோணும்னு சொல்லுவாரு. என்னைய எங்க தூக்க விடறாங்க? அதான் அதைய வெச்சேன். உங்க மாமனுக்கு அதுமேல அவ்வளவா ஆசை இல்ல, சுமார்னுதான் சொல்லுவான், அதனால அது ஒண்ணைய நான் எங்கூடவே எடுத்துக்கறேன்னு அப்பாவே சொல்லியிருக்காருங்க."

ஒன்றும் தெரியாத பெண் என்று நினைத்தாரே, அதற்குத்தான் முதலில் முகம் சுட்டது. கைக்குக் கிடைத்ததை எடுத்து வைக்கவில்லை அவள், தேடி எடுத்து வைத்திருக்கிறாள், இவரைவிட நன்றாகப் படித்திருக்கிறாள் அந்தக் காசை. அடுத்தது இன்னும் மோசம். ஆசை இல்லை என்று அந்த ஆள் நம்பியிருக்கிறார். ஒரு கொட்டாவியை, ஒரு சுமாரை, வாழ்நாள் பூராவும் நம்பி, சாகும்போதும் அதை வைத்துப் பங்கு பிரித்திருக்கிறார். எனக்கு அது வேணும் சிகாமணி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் எடுத்து நீட்டியிருப்பார், அப்படிப்பட்ட மனுஷன். இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு, பையில் இருக்கிறது, எடுத்து இவள் கையில் கொடு. இந்தா அம்மணி, தவறி என்கிட்டயே இருந்துருச்சு என்று சொன்னால் அவள் நம்புவாள், நம்பி நன்றியும் சொல்வாள், அந்த நன்றியைத்தான் தாங்க முடியாது. அழாதீங்க மாமா என்றாள் தமயந்தி. அவர் அழவில்லை, வியர்த்துக் கொட்டியிருந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், யாரோ இவரைக் கைத்தாங்கலாகப் பிணத்துக்குப் பக்கத்து இருக்கையில் ஏற்றிவிட்டார்கள்.

வண்டி நகர்ந்தபின் இவருக்கு ஒரு வழி தெரிந்தது. நெற்றிக்கும் இவர் கைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ரூபாயை எடுத்துவிட்டு அதை வைத்துவிடலாம், எதிரே உட்கார்ந்திருக்கும் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த வேகத்தடை தாண்டட்டும் என்றார் மனசுக்குள். தாண்டியது. அந்தச் சிக்னல் போகட்டும். போயிற்று. ஏனுங்க சித்தப்பா, இந்த நெத்திக் காசு என்ன ஆகும் என்று கேட்டார். அது அங்க எரிக்கறவருக்குப் போயிரும், அதான் முறை என்றார் சித்தப்பா கண்ணைத் திறக்காமல். அடடா, எவ்வளவு நிம்மதி! அப்படியானால் தமயந்தி நினைத்தது எப்படியும் நடந்திருக்காதே. காசு அப்பாவோடு போயிருக்காது, யாரோ ஒருவர் பைக்குப் போய், எங்கேயோ கைமாறி, நல்லவேளை, நான் எடுத்தேனோ பிழைத்ததோ. பாலம் வந்தது. கீழே அமராவதி, தண்ணீர் பேருக்குத்தான் ஓடியது. இந்த மணலிலிருந்துதானே வந்தது அது. யார் கையிலிருந்து விழுந்ததோ, வாயிலிருந்தே விழுந்ததோ என்று நினைத்தவருக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. வாய்! கிரேக்கர்கள் செத்தவன் நெற்றியில் வைக்கமாட்டார்கள், வாயில் வைப்பார்கள். செத்தவன் ஒரு ஆற்றைத் தாண்டிப் போகணும், ஓடக்காரன் காசு வாங்காமல் ஏற்றமாட்டான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரே சொன்னார். அங்கயும் கண்டக்டர் உண்டா, நம்ம பஸ்ல கூட்டத்துல ரெண்டு கையும் கம்பியப் பிடிச்சுட்டா ஜனங்க காசை உதட்டுலதான் கவ்விட்டு நிப்பாங்க, அதேதான் என்று தெய்வசிகாமணி விழுந்து விழுந்து சிரித்தார். வாயில் வைத்ததை யாரும் எடுக்கமாட்டார்கள். வாய்க்கரிசி போடும்போது அரிசியோடு சேர்த்து வைத்துவிட்டால், அரிசியோடு அவரோடேயே போய்விடும். யாருக்கும் தெரியாது. யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம். இதைவிடச் சுத்தமான வழி இல்லை. மனசு லேசாகிவிட்டது, சிநேகிதனைப் பார்த்து, பொறு சிகாமணி, கொடுத்துடறேன் என்றுகூடச் சொல்லிக்கொண்டார்.

மயானத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே இறக்கிவைத்தார்கள். வேலைக்காரர் வந்து, முறைப்படி, நெற்றியிலிருந்து அந்த ரூபாயை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டார். சித்தப்பா வாய்க்கட்டைத் தளர்த்திவிட்டு, தட்டில் அரிசியோடு நின்றார். ஒவ்வொருவராகப் போய் ஒரு கைப்பிடி போட்டார்கள். அருணகிரி வரிசையில் நின்றபடியே காசைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முறை வந்தது. காசின் மேலேயே அரிசியை அள்ளினார், மூடிய கைக்குள் அரிசியும் காசும் கலந்து இருந்தன. குனிந்தார். அசையாத உதடு, நரைத்த மீசை, அதன்மேல் ஏற்கெனவே கொஞ்சம் அரிசி. இதோ என்று கையைத் திறந்தார். விரல்கள் விரியத்தான் செய்தன. அரிசி உதட்டில் விழுந்தது, மீசையில் விழுந்தது, கன்னத்தில் உருண்டு கழுத்துப் பக்கம் போனது. காசு விழவில்லை. வியர்வையில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லலாம், பின்னால் நிற்கிறவரிடம் சொன்னால்கூட நம்புவார், ஆனால் கட்டை விரல் மடங்கி அதை அமுக்கிப் பிடித்திருந்தது. விடு என்றார். பிடித்திருந்தது. விடுடா என்று தன்னையே கெஞ்சினார். போதுங்க, அடுத்தவங்க போடட்டும் என்று யாரோ சொன்னார்கள். அருணகிரி நகர்ந்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது, சத்தமாக, வெட்கமில்லாமல், உடம்பெல்லாம் குலுங்கி. சித்தப்பா வந்து முதுகைத் தடவி, இப்படி ஒரு சேக்காளி யாருக்குக் கிடைப்பான் என்று மற்றவர்களிடம் சொன்னார். தகன மேடை உலைக்குள்ளே நகர்ந்தது. கடைசியாக் கும்பிட்டுக்கங்க என்று வேலைக்காரர் சொன்னார், எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அருணகிரியும் கும்பிட்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் காசு இருந்தது.